குதிரையில் ஏற முடியாத இளவரசன்: சட்டம் போட்ட இந்தப் பழைய படத்தில் இருப்பது யார்?

கேள்வி கேட்டவர்: கண்ணாடிச்சட்டம்

எங்கள் தாத்தா பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடாத மனிதர். அவர் போன பிறகு அலமாரியைக் காலி செய்தபோது, பின்பக்கம் அட்டை வைத்து அடைத்த ஒரு சட்டம் கிடைத்தது. உள்ளே கறுப்பு வெள்ளையில் அச்சான ஒரு முழுப்பக்கப் படம். ஏதோ பழைய ஆங்கில வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்தது போல இருக்கிறது. மேல் ஓரத்தை யாரோ நேராக வெட்டியிருக்கிறார்கள். கீழே தலைப்பு இருந்த இடத்தைச் செல்லரித்துவிட்டது. 'பிரின்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும்தான் மிச்சம்.

படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு பெரிய குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே, சேணத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் ஓடுகிறான். மெல்லிய மீசை, இருண்ட நிறச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ். வெள்ளைத் தொப்பி கீழே கிடக்கிறது. பின்னால் ஆள் உயரத்துக்குப் புல்லோ சோளமோ, அதற்குள்ளிருந்து ஈட்டியும் கேடயமுமாகச் சிலர் வருகிறார்கள். இன்னும் தள்ளி, வட்டக் குடிசைகள் மூன்று நான்கு. வலது ஓரத்தில் இரண்டு குதிரைவீரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பறக்கிறார்கள்.

என் மாமா, "விக்டோரியா ராணியின் மகன் வேட்டையில் விழுந்தது" என்று அடித்துச் சொல்கிறார். வேட்டையில் எதற்கு இத்தனை ஈட்டி என்று கேட்டால் பதில் இல்லை.

இன்னொன்று. குதிரையின் பின்தொடை வழியாக மேலிருந்து கீழாக முடி அளவில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. கோட்டுக்கு இடப்பக்கம் கொஞ்சம் கருமை, வலப்பக்கம் கொஞ்சம் வெளிர். மடிப்பா என்று பார்த்தேன், மடிப்பு இல்லை. இது அசலா, பின்னாளில் எடுத்த நகலா? (ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்த்தேன். அது பழுப்புத் திட்டாகிவிட்டது. திட்ட வேண்டாம், ஏற்கெனவே அம்மா திட்டிவிட்டார்.)

பதில் 1: வெள்ளிக்கிழமை

மாமா சொல்வது சரியாக இருக்கலாம். வேல்ஸ் இளவரசர் 1875-76இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக வேட்டையாடினார். காட்டுப்பன்றியைக் குதிரை மேலிருந்து ஈட்டியால் குத்துவது அந்தக் கால வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு. ஈட்டிக்குக் கணக்குச் சரியாகிவிட்டதா?

பதில் 2: ஈயஎழுத்து

வெள்ளிக்கிழமை சார், வேல்ஸ் இளவரசருக்கு அப்போது 34 வயது. தாடியும் தொந்தியும் வந்துவிட்டன. அவரைப் பார்த்து யாரும் 'இளைஞன்' என்று எழுதமாட்டார்கள். தவிர, பன்றி வேட்டையில் ஈட்டி குதிரைமேல் இருப்பவர் கையில் இருக்கும். எதிரே வருபவர் கையில் இருக்காது.

வட்டக் குடிசை, கேடயம், ஆள் உயரச் சோளம், ஓடிப்போகும் வீரர்கள், குதிரையோடு ஓடும் பையன். இவை எல்லாம் ஒரே படத்தில் சேர்வது ஒரே ஒரு சம்பவத்தில்தான். 1879 ஜூன் 1, தென்னாப்பிரிக்காவில் ஜூலு நாடு. அந்த இளைஞன் ஆங்கில இளவரசனே அல்ல, பிரெஞ்சுக்காரன். பிரெஞ்சுப் பேரரசராக இருந்த மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் லூயி நெப்போலியன். பத்திரிகைகளில் 'பிரின்ஸ் இம்பீரியல்'. அதனால்தான் 'பிரின்ஸ்' என்ற சொல் தப்பிப் பிழைத்திருக்கிறது. வயது 23.

பிரெஞ்சு இளவரசன் ஆங்கிலேயர் சண்டைக்கு ஏன் போனான்? 1870இல் பிரஷ்யாவிடம் தோற்று அப்பாவின் அரியணை போனது. குடும்பம் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் சிசில்ஹர்ஸ்ட் என்ற ஊரில் அடைக்கலம் புகுந்தது. 1873இல் அப்பா இறந்தார். பையன் வுல்விச் ராணுவக் கல்லூரியில் படித்து, வகுப்பில் ஏழாவதாக வந்தான். குதிரையேற்றத்திலும் வாள்வீச்சிலும் முதலாவது. இந்த 'குதிரையேற்றத்தில் முதலாவது' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் ஜூலுக்கள் பிரிட்டிஷ் படையைத் துவைத்துப் போட்டார்கள். செய்தி லண்டனுக்கு வந்ததும் நானும் போவேன் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். விக்டோரியா ராணியிடமும் பேசி, சண்டை போட இல்லை, சும்மா பார்வையாளராக என்று அனுப்பி வைத்தார்கள். தளபதி செம்ஸ்ஃபோர்டுக்கு அது மடியில் கட்டிய நெருப்பு.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த முகாமுக்கு இடம் பார்த்து வரைபடம் போடக் கிளம்பினார்கள். இளவரசன், லெப்டினன்ட் கேரி என்ற அதிகாரி, ஆறு குதிரைவீரர்கள், வழிகாட்டியாக ஒரு ஜூலு. கூட வரவேண்டிய பசூட்டோ வீரர்கள் (ஆங்கிலேயர் பக்கம் இருந்த ஆப்பிரிக்கர்கள்) நேரத்துக்கு வரவில்லை. பையனுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பிற்பகலில் இட்யோட்யோசி ஆற்றுப் பக்கம், ஆளில்லாத ஒரு குடியிருப்பில் இறங்கிச் சேணத்தை எல்லாம் அவிழ்த்துக் குதிரைகளை மேயவிட்டு, காப்பி போட்டுக் குடித்தார்கள். காவலுக்கு ஒருவரையும் நிறுத்தவில்லை. கிளம்பலாமா என்று கேரி கேட்டபோது, இன்னும் பத்து நிமிடம் என்றான் இளவரசன். அந்தப் பத்து நிமிடம்தான். குதிரைகளைப் பிடித்துச் சேணம் பூட்டி, ஏறுவதற்குக் கட்டளை கொடுக்கும் நேரத்தில் சோளத்துக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள்.

குதிரைகள் மிரண்டு ஓடின. ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். இளவரசனின் குதிரைக்குப் பெயர் பெர்சி. சாம்பல் நிறம், உயரம், ஏறவிடாமல் துள்ளும் குணம். அவன் அங்கவடியில் கால் வைக்க முடியாமல், சேணத்தின் முன்பக்கம் துப்பாக்கி உறைகளைச் சேர்த்துக் கட்டும் வாரைப் பிடித்தபடி குதிரையோடேயே ஓடினான். சுமார் நூறு கஜம். அப்புறம் அந்த வார் கிழிந்தது. கீழே விழுந்தவனின் வலது கையைக் குதிரை மிதித்துவிட்டுப் போனது. எழுந்து, இடது கையில் ரிவால்வரோடு திரும்பினான். மறுநாள் உடலை எடுத்தபோது ஈட்டிக் காயங்கள் பதினேழு பதினெட்டு. எல்லாம் உடம்பின் முன்பக்கம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் இருபத்தாறு வருடம் அச்சுக்கூடத்தில் படம் அச்சடிக்கும் பிளாக்குகளோடு மல்லுக்கட்டியவன். உங்கள் வெள்ளைக் கோடுதான் அந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம்.

அந்தக் காலத்துப் படப் பத்திரிகைகள் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்க முடியாது. 1842இல் தொடங்கிய இலஸ்ட்ரேடட் லண்டன் நியூஸ், 1869இல் அதற்குப் போட்டியாக வந்த கிராஃபிக், இரண்டுக்கும் மரச்செதுக்குத்தான் வழி. மரம் என்றால் எந்த மரமும் ஆகாது. பாக்ஸ் என்று ஒரு சிறுமரம், தந்தம் போலக் கெட்டி. அதைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரியும் முகத்தில் செதுக்குவார்கள். ஆனால் அந்த மரம் பருப்பதே இல்லை. கையகலத் துண்டு கிடைத்தாலே பெரிது. அப்புறம் முழுப்பக்கப் படத்துக்கு எங்கே போவது? பல துண்டுகளைச் சதுரமாக இழைத்து, பின்னால் போல்ட் போட்டு முடுக்கி ஒரே பலகையாக்குவார்கள். மேலே வெள்ளைப் பூச்சு பூசி, ஓவியர் முழுப் படத்தையும் அதில் வரைவார், இடம் வலம் மாற்றி. வரைந்து முடித்ததும் போல்ட்டைக் கழற்றித் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்குக் குதிரையின் தலை, இன்னொருவருக்கு வால், ஒரு பாவப்பட்டவருக்கு வெறும் புல். விடியவிடியச் செதுக்குவார்கள். திரும்பப் பூட்டிய பிறகு, தலைமைச் செதுக்குநர் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் கோடுகளை ஒட்டவைப்பார். அவசரத்தில் ஓரிடம் சரியாக ஒட்டாமல் போனால், அச்சில் முடி அளவு வெள்ளைக் கோடாக விழும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கை என்பதால் கருமையும் மாறும்.

ஆக, உங்கள் குதிரையின் முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு ஆட்கள் செதுக்கியவை. ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தொடையில் ரோமக் கோடுகள் இடப்பக்கம் வளைந்தும் வலப்பக்கம் நேராகவும் போனால் நான் சொன்னது உறுதி.

அசலா என்பதற்கு ஒரே வேலை, சட்டத்தைப் பிரித்துப் பின்பக்கம் பார்ப்பது. பத்திரிகைப் பக்கமானால் பின்னால் எழுத்து இருக்கும். தண்ணீர் மட்டும் இனி தொடாதீர்கள் தம்பி, உங்கள் அம்மா சார்பில் நானும் ஒரு முறை திட்டிக்கொள்கிறேன்.

கண்ணாடிச்சட்டம்

ஐயா, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே! இடப்பக்கத்துக்காரர் ரோமத்தை அழகாக வளைத்திருக்கிறார். வலப்பக்கத்துக்காரர் தரைக்குப் பாய் முடைவது போல நேர்க்கோடாக இழுத்துவிட்டார். இத்தனை நாள் பார்த்தும் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டதில்லை.

ஒரு சந்தேகம். படம் வரைந்த ஓவியர் அங்கே நின்று பார்த்தாரா? முகத்தில் அந்தத் திகில், கையில் நரம்பு புடைப்பது எல்லாம் அப்படியே இருக்கிறதே.

பதில் 3: ஈயஎழுத்து

அங்கே ஒரு ஓவியரும் இல்லை.

இலஸ்ட்ரேடட் லண்டன் நியூஸின் மெல்டன் ப்ரையர் என்ற போர்க்கள ஓவியர் அந்தப் படையோடு இருந்தார். ஆனால் அவர் அங்கே போனது மறுநாள், ஜூன் 2, உடலைத் தேடிப் போன படையோடு. அவர் கண்ணால் பார்த்தது உடலைக் கண்டெடுத்ததைத்தான்.

செய்தி போன வேகத்தையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்கு அப்போது கடலடித் தந்தி கிடையாது. அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. கேப்டவுனிலிருந்து கப்பல் மதேரா தீவுக்கு வந்து, அங்கிருந்து தந்தி. ஜூன் 1 அன்று நடந்தது லண்டனுக்குத் தெரிந்தது ஜூன் 19 இரவு, 20 காலை. தந்தியில் சொற்கள்தான் வரும், படம் வராது. பென்சில் ஓவியம் தபால் கப்பலில் ஆடி அசைந்து வந்து சேர ஜூலை ஆகிவிடும். அதற்குள் ஜூலை 12 அன்று சிசில்ஹர்ஸ்ட்டில் அடக்கமே நடந்து முடிந்தது, ராணியே வந்திருந்தார். வாசகர்கள் படம் எங்கே என்று தவிக்கும் நேரம். தந்தி வாசகம், பையனின் பழைய புகைப்படம், குதிரைக்கு ஏதோ ஒரு குதிரை, ஜூலுவுக்குப் பழைய இதழில் வந்த ஜூலு. இப்படிச் சேர்த்துச் சமைத்த படங்கள் அந்த வருடம் நிறைய.

உயிர்தப்பியவர்கள் கேரியும் நான்கு வீரர்களும். அவர்கள் சாட்சியம் எல்லாம் 'திரும்பிப் பார்த்தபோது இளவரசர் சேணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார்' என்ற மட்டில் நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்தது தங்கள் குதிரையின் காதுகளை மட்டும்தான். கடைசிக் கட்டத்தைப் பார்த்தவர்கள் ஜூலுக்கள் மட்டுமே. அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது பின்னால். அதனால் ஒரு முழங்காலை ஊன்றி, ரிவால்வரை நீட்டி, வானத்தைப் பார்க்கும் இளவரசன் படங்கள் எல்லாம் ஓவியர்களின் கற்பனை. உங்கள் படம் அவற்றைவிட எவ்வளவோ தேவலை. சாட்சி இருக்கிற கணத்தை எடுத்திருக்கிறார்கள்.

பதில் 4: லாடம்

நான் குதிரை ஏறக் கற்றுக்கொடுப்பவள். சரித்திரம் தெரியாது. ஆனால் அந்தக் 'குதிரையேற்றத்தில் முதலாவது' என்பதைப் படித்ததும் ஒன்று உறைத்தது.

சாதாரணமாக எப்படி ஏறுவோம்? இடது கையில் லகானும் கொஞ்சம் பிடரியும், இடது காலை அங்கவடியில் வைத்து, எழும்பி, வலது காலைச் சுற்றிப் போடுவோம். குதிரை நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஓடும் குதிரையில் அது நடக்காது. ஒரு கால் அங்கவடியில் மாட்டிக்கொள்ள, மறு காலால் நொண்டியடிக்க வேண்டியதுதான். கைதேர்ந்தவர்கள் வேறு மாதிரி செய்வார்கள். அங்கவடியையே தொடமாட்டார்கள். சேணத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக் குதிரையோடு நாலு அடி ஓடி, அதன் வேகத்தையே வாங்கிக்கொண்டு எகிறி உட்காருவார்கள். பார்க்க மந்திரம் போல இருக்கும். என் மாணவர்களில் பத்தில் ஒருவருக்கு வரும். வந்தவர்கள் அதன்பின் அங்கவடியை மதிப்பதில்லை.

அந்தப் பையன் இதில் கெட்டிக்காரனாகத்தான் இருந்திருப்பான். அதனால்தான் நூறு கஜம் விடாமல் ஓடியிருக்கிறான். ஏற வராதவன் பத்தாவது அடியில் விட்டுவிட்டுச் சோளத்துக்குள் படுத்திருப்பான், ஒருவேளை பிழைத்தும் இருப்பான்.

எகிறும்போது உடம்பின் முழுப் பாரமும் கைப்பிடியில் ஒரு சுண்டு சுண்டும். சேணத்தின் முன்மேடு அதைத் தாங்கும், உள்ளே கட்டை இருக்கிறது. துப்பாக்கி உறையைக் கட்டும் வார் தாங்காது. அது உறை ஆடாமல் இருக்கத் தைத்தது. ஆளைத் தூக்கத் தைத்ததல்ல. நான் இப்போதும் பாடம் தொடங்குமுன் எல்லாச் சேணத்திலும் தையல் ஓரத்தை நகத்தால் இழுத்துப் பார்ப்பேன். தோல் வெளியே பளபளவென்று இருக்கும், மடிப்புக்குள் மாவாக உதிரும். ஒரு முறை ஒரு வார் என் கையோடு வந்துவிட்டது. குதிரை நின்றுகொண்டிருந்ததால் நான் உட்கார்ந்த இடம் புழுதி, அவ்வளவோடு போனது.

கண்ணாடிச்சட்டம், ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். படத்தில் அவன் கை எதைப் பிடித்திருக்கிறது? அப்புறம், குதிரையின் கால்கள் எப்படி இருக்கின்றன? முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால் விரிந்து, வயிறு தரையோடு மிதக்கிறதா?

கண்ணாடிச்சட்டம்

ஆமாம் அக்கா, மரக்குதிரை பொம்மை மாதிரி நாலும் விரிந்து அந்தரத்தில் நிற்கிறது. எப்படித் தெரிந்தது?

கை... பெரிய ஏமாற்றம். சேணத்தின் மேட்டைத்தான் பிடித்திருக்கிறது. துப்பாக்கி உறையே இல்லை. வார் என்று ஒன்றை வரையவே இல்லை.

பதில் 5: லாடம்

அந்தக் காலத்தில் எல்லோரும் ஓடும் குதிரையை அப்படித்தான் வரைந்தார்கள், அதனால் தெரியும். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. நாலு காலும் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் அது கால்கள் வயிற்றுக்குக் கீழே கூடும்போது, விரியும்போது அல்ல. 1878இல், இந்தச் சாவுக்கு முந்தின வருடம்தான், மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையாகப் படம் பிடித்துக் காட்டினார். ஓவியர்கள் பழக்கத்தை விடப் பல வருடம் பிடித்தது.

வார் இல்லையா? எனக்குக் கோபமாக வருகிறது. அந்தப் பையனைக் கொன்றதில் பாதி அதுதானே.

பதில் 6: ஈயஎழுத்து

கோபப்படாதீர்கள் அம்மா. தந்தி வந்த முதல் வாரத்தில் வரைந்த படமாக இருந்தால் வார் விவரம் அவர்கள் கைக்கு வந்திருக்காது. அதோடு, வாரை வரைந்தால் கதையே மாறிவிடும். போனபார்ட் வம்சத்தின் வாரிசு கிழிந்த தோலால் செத்தான் என்று ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கும் வாசகரிடம் எப்படிச் சொல்வது? யார் மேலாவது பழி போட வேண்டுமே. ஓடும் அந்த இரண்டு முதுகுகளை வரைந்தார்கள் பாருங்கள், அது அதற்காகத்தான். கேரியைப் படைநீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். தீர்ப்பு பிறகு ரத்தானது, பையனின் அம்மா யூஜினியே அவரைத் தண்டிக்க வேண்டாம் என்றார். ஆனாலும் அவரோடு சக அதிகாரிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலு வருடத்தில், 1883இல், இந்தியாவில் பணியில் இருந்தபோது இறந்துபோனார்.

யூஜினி 1880இல் அந்த இடத்துக்கே போனார். மகன் இறந்த ஓராண்டு நிறைவு இரவை அந்த ஓடையோரம் கழித்தார். அதன்பின் நாற்பது வருடம் உயிரோடு இருந்தார்.

தம்பி, சட்டத்தைப் பிரித்தீர்களா?

கண்ணாடிச்சட்டம்

இப்போதுதான் பிரித்தேன் ஐயா. அட்டையில் எட்டு ஆணி, எல்லாம் துரு. பின்பக்கம் எழுத்து இருக்கிறது! மூன்று பத்தி. எல்லாம் விளம்பரம். வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம், பிள்ளைகளுக்கு மாவு, இருமல் மிட்டாய். முன்பக்கத்து அச்சின் அழுத்தம் பின்னால் மேடாகத் தெரிகிறது, விரலால் தடவினால் குதிரையின் முதுகு தட்டுப்படுகிறது.

மாமாவிடம் முழுக் கதையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தைலம் வேலை செய்யுமா?" என்கிறார்.